பேட்டரிக் கருவியில் பின்னொளி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் சிறு திரைகளைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பின்னொளியை, அதாவது திரையின் எழுத்துகள் இருட்டிலும் தெரிய உதவும் விளக்கைப் பற்றியவையாகவே இருந்தன. அவற்றுள் நான்கினை இங்கே எடுத்துக்கொள்கிறோம். முதல் கடிதத்தில் சொல்லப்பட்டிருக்கும் சிக்கல் பலருக்கும் பொதுவானது என்பதால் அதற்கான பதில் நீண்டுவிட்டது.

கேள்வி (தருமபுரியிலிருந்து பட்டு விவசாயி ஒருவர்): எங்கள் பட்டுப்புழு வளர்ப்பு மனையின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் காட்டுவதற்காக ஒரு சிறு கருவியை நானே அமைத்திருக்கிறேன். 2600 மில்லி ஆம்பியர் மணி கொண்ட ஒரு 18650 லித்தியம் அயான் செல், மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் 1117 வகை 3.3 வோல்ட் ரெகுலேட்டர், நிரலை ஓட்டும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சில்லு, நோக்கியா 5110 கைப்பேசியில் இருந்த வகையைச் சேர்ந்த 84×48 புள்ளித் திரை ஆகியவை அதில் உள்ளன. மைக்ரோகன்ட்ரோலர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, அளவெடுத்துவிட்டு மீண்டும் உறங்கிவிடும். திரையின் வெள்ளைப் பின்னொளியை 3.3 வோல்ட்டில் நேரடியாக இணைத்திருக்கிறேன். புதிதாகச் சார்ஜ் செய்த செல்லில் அது 22 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. ஆனால் ஐந்து நாளுக்கு மேல் செல் தாங்குவதில்லை. இரண்டாம் நாளிலேயே பின்னொளி மங்கத் தொடங்குகிறது. எழுத்துகள் மட்டும் தெளிவாகவே இருக்கின்றன. செல் போலியானதா, திரை பழுதானதா?

பதில்: செல்லும் போலியன்று, திரையும் பழுதன்று. நீங்கள் அளந்து எழுதியிருக்கும் 22 மில்லி ஆம்பியர் என்ற ஓர் எண்ணே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. பின்னொளி இரவும் பகலும் எரிவதால் ஒரு நாளில் 22×24, அதாவது 528 மில்லி ஆம்பியர் மணி அதற்கே போய்விடுகிறது. இதோடு 1117 ரெகுலேட்டர், எந்த வேலையும் செய்யாமல் இருக்கும்போதும், தன் பங்குக்கு ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். அது நாளொன்றுக்கு 120. இரண்டையும் கூட்டினால் 648. உங்கள் 2600 இதற்கு நான்கு நாள் வரும். ஒளி மங்க மங்க மின்னோட்டம் குறைவதால் ஐந்தாவது நாளையும் தொட்டுவிடுகிறது. திரையின் எழுத்துகளை இயக்கும் சில்லுக்கோ ஒரு மில்லி ஆம்பியரில் ஒரு பகுதி போதும். மைக்ரோகன்ட்ரோலரை அக்கறையோடு உறங்கவைத்த நீங்கள், அதைப்போல் பல்லாயிரம் மடங்கு உண்ணும் விளக்கை விழித்திருக்க விட்டுவிட்டீர்கள்.

இனி மங்குவதற்கான காரணத்தைப் பார்ப்போம். வெள்ளை எல்இடி என்பது உண்மையில் மஞ்சள் நிறப் பாஸ்பர் பூசிய நீல எல்இடி. பின்னாளில் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்ற இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகியோரின் உழைப்பால் நீல எல்இடி கைகூடும் வரை, சிறு திரைகளின் எல்இடி பின்னொளி பெரும்பாலும் மஞ்சள் கலந்த பச்சையாகவே இருந்ததற்கு இதுவே காரணம். நீல ஒளியின் ஒரு துகளுக்கு வேண்டிய ஆற்றல் அதிகம்; 450 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அது ஏறத்தாழ 2.75 எலக்ட்ரான் வோல்ட். ஆகவே, வெள்ளை எல்இடி நன்றாக எரிய அதன் இரு முனைகளுக்கிடையே 3 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம் நின்றாக வேண்டும். 2.7 வோல்ட்டுக்கு இறங்கினால் அது மினுக்கத்தான் செய்யும்.

உங்கள் 1117 ரெகுலேட்டரின் வெளியீட்டைவிட உள்ளீடு ஏறத்தாழ ஒரு வோல்ட்டாவது கூடுதலாக இருந்தால்தான் அது சொன்ன 3.3 வோல்ட்டைத் தரும். அதாவது 4.3 வோல்ட் வேண்டும். முழுமையாகச் சார்ஜ் ஆன லித்தியம் செல்லோ 4.2 வோல்ட்டில் நிற்கிறது. முதல் நொடியிலிருந்தே ரெகுலேட்டர் தன் வேலையைச் செய்ய இயலாத நிலையில் இருக்கிறது என்பதுதான் இதன் பொருள். செல் 3.7 வோல்ட்டுக்கு வரும்போது ரெகுலேட்டரிலிருந்து 2.7 வோல்ட்டை ஒட்டியே வெளிவரும். திரையின் சில்லு அதிலும் இயங்கிவிடும், எல்இடி இயங்காது. அங்காடிகளில் மலிவாகவும் எளிதாகவும் கிடைப்பதால் 1117 எல்லார் கையிலும் இருக்கிறது, ஆனால் ஒற்றை லித்தியம் செல்லில் ஓடும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமற்ற ரெகுலேட்டரைத் தேடிப் பிடிப்பது கடினம்.

அதை எடுத்துவிட்டு எம்சிபி1700 வகையின் 3.3 வோல்ட் ரெகுலேட்டரைப் பொருத்துங்கள். அது தனக்கென எடுத்துக்கொள்வது 2 மைக்ரோ ஆம்பியர்கூட இல்லை. உங்கள் கருவி எடுக்கும் சிறு மின்னோட்டத்துக்கு, உள்ளீடு வெளியீட்டைவிடச் சிறிதளவு கூடுதலாக இருந்தாலே போதும். உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் வைக்க வேண்டும். கால்களின் வரிசை 1117-இலிருந்து மாறுபடும் என்பதால் தயாரிப்பாளர் தரும் விவரத்தாளான டேட்டாஷீட்டைப் பார்க்காமல் சால்டர் செய்துவிடாதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. இதுவரை பின்னொளியை எரிந்துபோகாமல் காத்துவந்தது அந்தப் பொருத்தமற்ற ரெகுலேட்டர்தான். எல்இடி மின்னழுத்தத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கும் பொருள் அன்று. 3 வோல்ட்டை நெருங்கியபின் பத்தில் ஒரு பங்கு வோல்ட் கூடினாலும் அதன் மின்னோட்டம் பல சமயம் இருமடங்கை நெருங்கிவிடும். புதிய ரெகுலேட்டர் உண்மையாகவே 3.3 வோல்ட்டைத் தரத் தொடங்கியதும், ரெசிஸ்டர் இல்லாமல் நேரே இணைத்த பின்னொளி உங்கள் 22 மில்லி ஆம்பியரைத் தாண்டி வெகுதூரம் சென்றுவிடும். எனவே, ரெகுலேட்டரை மாற்றும் அன்றே பின்னொளியின் இணைப்பையும் மாற்ற வேண்டும்.

பின்னொளிக்கு ரெகுலேட்டர் தேவையே இல்லை. செல்லின் நேர்முனையிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக நேரடியாகக் கொடுங்கள். எல்இடியில் 3.0 வோல்ட் நிற்கிறது என்று கொண்டு 100 ஓம் ரெசிஸ்டரைப் போட்டால், 4.2 வோல்ட்டில் 12 மில்லி ஆம்பியரும், 3.7 வோல்ட்டில் 7 மில்லி ஆம்பியரும், 3.4 வோல்ட்டில் 4 மில்லி ஆம்பியரும் பாயும். மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறதே என்று கவலைப்பட வேண்டாம். நம் கண் ஒளியை அப்படி நேர்விகிதத்தில் அளப்பதில்லை. பாதியாகக் குறைந்த மின்னோட்டம், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஒழிய, லேசான மங்கலாகவே தெரியும். அதற்கு மேலும் ஒரு நன்மை இருக்கிறது: செல் இறங்கும்போது ஒளியும் மெல்ல இறங்குவதால், சார்ஜ் செய்ய வேண்டிய நேரத்தைத் தனியாக ஓர் அளவி வைக்காமலே அறிந்துகொள்ளலாம்.

100 ஓம் என்பதையும் வேதவாக்காகக் கொள்ளத் தேவையில்லை. இரவில், கருவி மாட்டியிருக்கும் அதே மனையில் நின்று, முதலில் 1000 ஓம் போட்டுப் பாருங்கள். போதாவிட்டால் 470, பிறகு 220 என்று இறங்கி வாருங்கள். என் படுக்கையறைக் கடிகாரத்தின் திரைக்கு 1000 ஓம், அதாவது ஒரு மில்லி ஆம்பியரை ஒட்டிய மின்னோட்டமே போதுமானதாக இருக்கிறது; அதற்கு மேல் போனால் உறக்கம் கெடுகிறது. டேட்டாஷீட்டில் அச்சிட்டிருக்கும் 20 மில்லி ஆம்பியர் எல்இடியின் இயல்பான உச்ச வேலைநிலையைக் குறிக்கிறதே தவிர, அவ்வளவு கொடுத்தாக வேண்டும் என்ற கட்டளை அன்று.

அடுத்தது அணைப்பது. பின்னொளியின் எதிர்முனையை ஒரு பிசி547 டிரான்சிஸ்டரின் கலெக்டரில் இணைத்து, எமிட்டரைத் தரையில் (செல்லின் எதிர்முனையில்) இணைத்து, பேஸை 4.7 கிலோ ஓம் வழியாக மைக்ரோகன்ட்ரோலரின் ஒரு காலுக்குக் கொண்டுசெல்லுங்கள். பேஸிலிருந்து தரைக்கு ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இருந்தால், மைக்ரோகன்ட்ரோலர் தொடக்க நிலையில் கால்களை அந்தரத்தில் விடும் நேரத்திலும் விளக்கு தானாக எரியாது. ஒரு பொத்தானை அழுத்தினால் 15 நொடி எரிந்து அணையும்படி நிரல் எழுதிவிடுங்கள். ஒரு நாளில் 40 முறை அழுத்தினாலும் மொத்தம் பத்து நிமிடம்தான். 8 மில்லி ஆம்பியர் என்று கொண்டால் நாளொன்றுக்கு 1.3 மில்லி ஆம்பியர் மணி. முன்பு பின்னொளிக்கு மட்டும் 528 போய்க்கொண்டிருந்தது. உறங்கும் மைக்ரோகன்ட்ரோலர், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் விழிக்கும் சென்சார், எப்போதும் எழுத்தைக் காட்டும் திரை ஆகியவற்றையும் சேர்த்தால்கூட, ஐந்து நாள் தாங்கிய செல் மாதக்கணக்கில் தாங்கும். இந்த வகைத் திரையில் பின்னொளி இல்லாமலே பகல் வெளிச்சத்தில் எழுத்து நன்றாகத் தெரியும் என்பதால், பகலில் பொத்தானுக்கும் வேலை இருக்காது.

கையிலுள்ள பலகையை ஒருமுறை சோதித்துவிட்டு இதையெல்லாம் செய்யுங்கள். இந்தத் திரை ஒட்டிய பலகைகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிலவற்றில் பின்னொளிக் காலைத் தரையில் இணைத்தால் எரியும். அவற்றில் எல்இடியின் நேர்முனை பலகைக்குள்ளேயே 3.3 வோல்ட்டோடு சேர்ந்திருப்பதால், செல்லிலிருந்து நேரடியாகக் கொடுக்க அந்தத் தடத்தை வெட்ட வேண்டிவரும். வேறு சிலவற்றில் அதே காலுக்கு மின்னழுத்தம் கொடுத்தால்தான் எரியும். அவற்றில் எதிர்முனை தரையோடு சேர்ந்திருக்கும், ஆகையால் மேலே சொன்ன பிசி547 இணைப்பு பொருந்தாது. நேர்ப்பக்கத்தில், பிசி547-க்கு எதிர்வகையான ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டரை வைக்க வேண்டும். ஆனால் அதன் பேஸை 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலரால் நேரே ஆட்ட முயன்றால், எமிட்டர் 4.2 வோல்ட்டில் நிற்கையில் 3.3 வோல்ட் என்பது "அணை" என்ற செய்தியாக அதற்குக் கேட்காது. இடையே இருக்கும் 0.9 வோல்ட் அதை எரியவிட்டுக்கொண்டே இருக்கும். இடையில் ஒரு பிசி547-ஐ வைத்து அதைக் கொண்டு பிஎன்பி-யை இழுக்கச் செய்வதே சரியான வழி.

கேள்வி (திருநெல்வேலியிலிருந்து கல்லூரி மாணவி ஒருவர்): இரண்டு ஏஏ செல்களில் ஓடும் கருவிக்கு வெள்ளைப் பின்னொளி வேண்டும். புதிய செல் போட்டாலும் மங்கலாகவே எரிகிறது. 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் பூஸ்ட் பலகை ஒன்றைப் பொருத்தி, அதிலிருந்து ரெசிஸ்டர் வழியாகக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், எரியவும் செய்யும், ஆனால் பேட்டரியைக் கருதினால் அது வீண்செலவு. இரண்டு ஆல்கலைன் செல்கள் புதிதாக இருக்கையில் 3 வோல்ட்டும், தீரும் வேளையில் 2 வோல்ட்டை ஒட்டியும் தரும். மேலே சொன்ன காரணத்தால் வெள்ளை எல்இடிக்கு இது போதாது. ஆக, உயர்த்தியே தீர வேண்டும். அப்படி உயர்த்தும்போது 5 வோல்ட் வரை போய்விட்டு, அதில் 2 வோல்ட்டை ரெசிஸ்டரில் சூடாக்கித் தொலைப்பது, மாடிக்கு ஏற்றிய தண்ணீரில் ஐந்தில் இரண்டு பங்கை வழியிலேயே கொட்டுவதற்குச் சமம்.

பூஸ்ட் சில்லு வெளியீட்டு மின்னழுத்தத்தை நேரடியாக அறிவதில்லை. அதன் பின்னூட்டக் காலில் குறிப்பிட்ட ஒரு மின்னழுத்தம் நிற்கும்படி பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. பரவலாகக் கிடைக்கும் எம்டி3608 சில்லில் அது 0.6 வோல்ட். ஆகவே, பலகையில் இருக்கும் திருகு ரெசிஸ்டரின் இணைப்பை நீக்கிவிட்டு, எல்இடியின் எதிர்முனைக்கும் தரைக்கும் இடையே 60 ஓம் மதிப்பை ஒட்டிய ஒரு ரெசிஸ்டரை வைத்து, அந்தச் சந்திப்பைப் பின்னூட்டக் காலோடு இணைத்தால், எல்இடி எவ்வளவு வோல்ட் கேட்டாலும் 10 மில்லி ஆம்பியரே பாயும். ரெசிஸ்டரில் வீணாவது 0.6 வோல்ட் மட்டும். செல் 2 வோல்ட்டுக்கு இறங்கும் வரை ஒளி ஒரே அளவில் நிற்கும். எம்டி3608 வேலை செய்யும் கீழெல்லையும் அதுவே.

இதில் இரண்டு ஆபத்துகள் உள்ளன. எல்இடியின் கம்பி கழன்றுவிட்டால் பின்னூட்டம் சுழியமாகி, சில்லு மின்னழுத்தத்தை மேலும் மேலும் ஏற்றிக்கொண்டே போகும். வெளியீட்டுக்கும் பின்னூட்டக் காலுக்கும் இடையே 5.6 வோல்ட் ஜீனர் டயோடு ஒன்றை, அதன் ஆனோடு பின்னூட்டக் காலில் சேரும்படி வைத்துவிட்டால் அது அங்கேயே தடுத்துவிடும். இரண்டாவதாக, அந்தப் பலகைகளில் இயக்கு–நிறுத்துக் கால் பெரும்பாலும் உள்ளீட்டோடு நிரந்தரமாக இணைக்கப்பட்டிருக்கும். அதைப் பிரித்து மைக்ரோகன்ட்ரோலருக்குக் கொடுக்காவிட்டால், பின்னொளி தேவைப்படாத நேரத்திலும் சில்லு செல்லைக் குடித்துக்கொண்டிருக்கும். சில்லை நிறுத்தினாலும் உள்ளீட்டிலிருந்து சுருள், டயோடு வழியாக எல்இடிக்கு நேர்வழி ஒன்று திறந்தே இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு ஏஏ செல்லில் அந்த வழியாக எல்இடியை எரிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் வராது. லித்தியம் செல்லில் இதே சுற்றைக் கட்டினால், அணைத்தபிறகும் எரிந்துகொண்டிருக்கும்.

பூஸ்ட் சுற்று ஆற்றலை உண்டாக்குவதில்லை என்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எல்இடியிலும் ரெசிஸ்டரிலும் சேர்த்து 3.6 வோல்ட், 10 மில்லி ஆம்பியர் என்றால் 36 மில்லி வாட், திறன் 80 விழுக்காடு என்று கொண்டால் செல்லிலிருந்து 45 மில்லி வாட் போகும், 2.4 வோல்ட்டில் அது ஏறத்தாழ 19 மில்லி ஆம்பியர். செல் இறங்க இறங்க இந்த எண் கூடும். உங்கள் பெட்டியில் இடமிருந்தால் மூன்றாவது ஏஏ செல்லைச் சேர்த்துவிட்டு, பூஸ்ட் பலகையையே மறந்துவிடுங்கள் என்பதுதான் என் உண்மையான பரிந்துரை. 4.5 வோல்ட்டில் தொடங்கும் அந்த அடுக்கில், செல்களின் ஆயுளில் பெரும்பகுதிக்கு ஒரு ரெசிஸ்டரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி (சேலத்திலிருந்து பாலிடெக்னிக் மாணவர் ஒருவர்): 9 வோல்ட் பேட்டரி, 7805 ரெகுலேட்டர், மஞ்சள் கலந்த பச்சைப் பின்னொளி கொண்ட பழைய 16×2 எழுத்துத் திரை. மாலையில் போட்ட பேட்டரி இரவுக்குள் தீர்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்தக் கூட்டணியைக் கலைக்கலாம். அந்த வகைப் பழைய திரைகளின் பின்னால் எல்இடிகள் வரிசை வரிசையாக, இரண்டிரண்டாகத் தொடரில் இணைக்கப்பட்டிருக்கும். மொத்த மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியரைத் தாண்டுவதும் உண்டு. நல்ல ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரியின் கொள்ளளவே ஏறத்தாழ 500 மில்லி ஆம்பியர் மணிதான்; இவ்வளவு சுமையில் அதுவும் முழுமையாகக் கிடைக்காது. போதாததற்கு 9 வோல்ட்டில் 4 வோல்ட்டை 7805 வெப்பமாக்கிவிடுகிறது. ஓரத்திலிருந்து ஒளியூட்டும் வெள்ளைப் பின்னொளி கொண்ட திரைக்கு மாறுங்கள். அது 20 மில்லி ஆம்பியருக்குள்ளேயே நிறைவாக எரியும். பேட்டரியையும் சார்ஜ் செய்யக்கூடிய நான்கு ஏஏ நிக்கல் செல்களாக மாற்றிக்கொண்டால், 4.8 வோல்ட் என்பது ரெகுலேட்டர் இல்லாமலே திரைக்குப் போதும்.

கேள்வி (கோவையிலிருந்து வாசகர் ஒருவர்): பேட்டரியில் ஓடும் என் கருவியில், அர்டுயினோ மைக்ரோகன்ட்ரோலர் பலகையின் பிடபிள்யூஎம் (விரைவாக ஏற்றி அணைத்து ஒளியைக் குறைக்கும்) காலைக் கொண்டு பின்னொளியின் அளவைக் குறைக்கிறேன். கண்ணுக்குச் சீராகத் தெரிகிறது. ஆனால் கைப்பேசியில் படமெடுத்தால் திரையில் பட்டைகள் ஓடுகின்றன. அமைதியான அறையில் கருவியிலிருந்து மெல்லிய ரீங்காரமும் கேட்கிறது.

பதில்: இரண்டும் ஒரே வேரிலிருந்து வருபவை. அர்டுயினோ ஊனோவின் பெரும்பாலான பிடபிள்யூஎம் கால்கள் நொடிக்கு ஏறத்தாழ 490 முறை ஏற்றி அணைக்கின்றன. கண் அதைக் கலந்து ஒரே ஒளியாகக் காண்கிறது. கைப்பேசியின் கேமரா படத்தை வரிவரியாகப் பதிவதால், ஒளி அணைந்திருந்த வரிகள் கரும்பட்டைகளாகின்றன. அதே 490 ஹெர்ட்ஸ் நம் செவிக்கு எட்டும் ஒலியும் ஆகும். மின்சுற்றிலுள்ள செராமிக் கெப்பாசிட்டர்கள், மின்னழுத்தம் மாறும்போதெல்லாம் நுண்ணளவில் விரிந்து சுருங்கிப் பலகையை அதிரவைக்கின்றன. மைக்ரோகன்ட்ரோலருக்குள் இந்த வேகத்தைத் தீர்மானிக்கும் டைமரின் அமைப்பை மாற்றி அதிர்வெண்ணை 20 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் கொண்டுசென்றால் ஒலி செவிக்கு அப்பால் போய்விடும், பட்டைகளும் கண்ணில் படாத அளவுக்கு நெருங்கிவிடும். எல்இடியை ரெசிஸ்டர் வழியாக நேரே எரிக்கும் சுற்றுக்கு இந்த வேகம் ஒரு பொருட்டன்று; பிசி547-ஐவிட ஏஓ3400 போன்ற, 3.3 வோல்ட்டிலேயே முழுமையாகத் திறக்கும் மாஸ்ஃபெட் அங்கே இன்னும் துல்லியமாக வேலை செய்யும். 2என்7000-ஐ வாங்கிவிடாதீர்கள்; சில துண்டுகள் 3 வோல்ட்டில்தான் திறக்கவே தொடங்கும்.

உங்கள் கருவி பேட்டரியில் ஓடுவதாக எழுதியிருப்பதால் இன்னொன்றையும் கேட்கத் தோன்றுகிறது. பிடபிள்யூஎம் ஓட வேண்டுமென்றால் டைமர் ஓட வேண்டும். டைமர் ஓடினால் மைக்ரோகன்ட்ரோலர் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போக முடியாது. ஒளியைப் பாதியாகக் குறைத்து நீங்கள் மிச்சப்படுத்தும் சில மில்லி ஆம்பியர்களை, விழித்திருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் அந்த நேரம் முழுவதும் எடுத்துக்கொள்கிறது. உங்களுக்கு உண்மையில் வேண்டியது பகலுக்கு ஓர் அளவு, இரவுக்கு ஓர் அளவு என்ற இரண்டே நிலைகள் என்றால், இரண்டு கால்களில் இரண்டு டிரான்சிஸ்டர்களும் 100 ஓம், 680 ஓம் என்ற இரண்டு ரெசிஸ்டர்களும் போதும். காலை உயர்த்திவிட்டு மைக்ரோகன்ட்ரோலர் நிம்மதியாக உறங்கலாம், ரீங்காரமும் இருக்காது.